சித்தி பாடியபோது நாங்கள் வாய் திறக்கவில்லை

எங்கள் சித்தியின் பாட்டைக் கேட்காமல் இன்று விருத்தாசலம் பக்கத்தில் எந்தக் குழந்தையும் ஒன்றாம் வகுப்பைத் தாண்டிவிட முடியாது. திட்டக்குடியில் பள்ளி ஆண்டு விழாவா, சித்தி. நல்லூரில் பால்வாடித் திறப்பா, அதற்கும் சித்திதான். செல்போனில் அவள் பாட்டைப் போட்டால்தான் சோறு இறங்கும் என்கிற பிள்ளைகள் சென்னையிலும் இருக்கிறார்களாம். என் மகளே அப்படித்தான். இப்பேர்ப்பட்ட ஆளின் முன்னேற்றத்தை ஆறேழு வருடம் தள்ளிப்போட்ட புண்ணியவதி நான் என்பது அவளுடைய ரசிகர்கள் யாருக்கும் தெரியாது.

அப்போது சித்தி பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தாள். சூளையிலிருந்து இறக்கிய கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் சுண்டிப் பார்ப்பது வேலை. கணீரென்றால் நல்ல கோப்பை. மொத்தென்றால் உள்ளே எங்கேயோ விரிசல், கழித்துவிட வேண்டும். நாள் முழுக்கச் சுண்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் பாட்டுக் கட்டுவாள். கட்டியதைத் தெருப் பிள்ளைகளான எங்களிடம் பாடுவாள். அவள் ஒரு வரி கேட்க, நாங்கள் பதில் வரி கத்த வேண்டும்.

"ஆடு ஏறிச்சு பஸ்ஸுல, டிக்கெட்டு யாரு எடுப்பா?"

"ஆட்டுக்காரரு எடுப்பாரு!"

"ஆட்டுக்காரரு எங்கடா?"

"எறங்கிப் போயி டீ குடிக்கிறாரு!"

நாங்கள் கத்தாத வரியை அங்கேயே தூக்கிப் போட்டுவிடுவாள். எவ்வளவு அழகான வரியாக இருந்தாலும் சரி, இரக்கமே கிடையாது. "புள்ளைங்க வாயில வராதது பாட்டே இல்ல" என்பாள். "பொழப்பத்த வேல" என்று திட்டிக்கொண்டே அம்மா எங்கள் எல்லோருக்கும் முறுக்கு கொடுப்பாள்.

குழந்தைப் பாட்டு சிடி போடும் ஒருவர் சென்னையிலிருந்து எங்கள் வகுப்புக்கே வந்து சித்தியின் பாட்டைக் கேட்பதாக ஏற்பாடாயிற்று. எங்கள் பள்ளித் தலைமையாசிரியை, அதாவது பெரிய டீச்சர், யார் மூலமாகவோ சொல்லி வரவழைத்திருந்தார். சென்னைக்காரருக்குப் பிடித்துவிட்டால் சென்னைக்குக் கூட்டிப்போய்ப் பாட்டைப் பதிவு செய்வார். சித்தி கம்பெனியில் அரைநாள் லீவு போட்டாள். கல்யாணத்துக்கு மட்டும் கட்டுகிற புடவையைக் கட்டினாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. "ஏண்டி, ஒங்க கிளாஸுல புள்ளைங்க நல்லா இருப்பாங்கல்ல?" என்று என்னிடம் நாலு தரம் கேட்டாள்.

"நான் பாத்துக்கறேன், நீ பேசாம வா சித்தி."

நான் நாலாம் வகுப்பு லீடர். கலெக்டருக்கு அடுத்தபடி நான்தான் என்கிற நினைப்பு. டீச்சர் இல்லாதபோது பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவேன். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி. முந்தின மாதம்தான் யாரோ அதிகாரி வந்தபோது ஒருவன் களுக்கென்று சிரித்து, மொத்த வகுப்பும் வெயிலில் முட்டி போட்டிருந்தது. சித்திக்கு அப்படி ஒரு அவமானம் வர விடுவேனா?

"எல்லாரும் கையக் கட்டி, வாயில வெரல் வச்சிக்குங்க. யாரும் மூச்சு விடக் கூடாது" என்றேன்.

"பதில் பாட்டு பாடணும்ல?" என்று கடைசி வரிசையில் ஒருத்தன் கேட்டான்.

"லூசு! நீ கத்துனா சித்தி கொரலு அவருக்கு எப்புடிக் கேக்கும்? அதெல்லாம் தெருவுலதான். பாடுனே, ஒம் பேருக்கு அஞ்சு பெருக்கல்!"

என்னே என் அறிவு!

சென்னைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். சித்தி கையைத் தட்டி, "ஆடு ஏறிச்சு பஸ்ஸுல, டிக்கெட்டு யாரு எடுப்பா?" என்று பாடி, எங்களைப் பார்த்துச் சிரித்தாள். சத்தமே இல்லை. மறுபடி பாடினாள். முப்பது பிள்ளைகளும் வாயில் வைத்த விரலை எடுக்கவில்லை. கடைசி வரிசைக்காரனுக்கு மட்டும் உதடு துடித்தது. முறைத்தேன், அடங்கிவிட்டான். சித்தி வேறு பாட்டுக்குத் தாவினாள். அதற்கும் அதே கதை. மூன்றாவது பாட்டில் அவள் குரல் உள்ளே போய்விட்டது. பாதியில் நிறுத்திவிட்டாள்.

"கொரலு நல்லா இருக்கும்மா. ஆனா கொழந்தைங்க பாட்டுன்னா கொழந்தைங்க ஒட்டணும் இல்லையா? பாக்கலாம்" என்றார் அவர். பெரிய டீச்சர் அவரைத் தன் அறைக்கு டீ குடிக்க அழைத்துப் போனார்.

சித்தி குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் புடவையைப் பிடித்துக்கொண்டேன். "பாத்தியா சித்தி? ஒருத்தரு மூச்சு விடல! நான்தான் எல்லாரையும் மெரட்டி வச்சிருந்தேன்!"

சித்தி என்னையே பார்த்தாள். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, துடைக்கவில்லை. "நீயா?" என்றாள். அடுத்த நிமிடம் விறுவிறுவென்று பெரிய டீச்சர் அறைக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். ஜன்னல் வழியாகச் சென்னைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"என்னம்மா?" என்றார் பெரிய டீச்சர்.

சித்தி வாயைத் திறந்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். பாராட்டப் போகிறார்கள் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நான் விறைப்பாக நின்றிருந்தேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர். போயிட்டு வரேன்னு சொல்லத்தான் வந்தேன்."

உண்மையைச் சொல்லியிருந்தால் சென்னைக்காரர் இன்னொரு தரம் பாடச் சொல்லிக் கேட்டிருப்பார். பெரிய டீச்சர் என்னை மொத்தப் பள்ளிக்கும் முன்னால் நிறுத்தி உரித்தும் இருப்பார். இதெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. சித்தி மறுநாள் காலை கோப்பை சுண்டப் போனாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடினாள். அவளுக்கு அமைந்ததெல்லாம் அப்படி அவளே அலைந்து சேர்த்தது. அந்த நாளைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தங்கம் அவள்.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பாத்துக்கிட்டடி" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிரே வந்தவர்களிடமெல்லாம் எங்கள் சித்தி மெட்ராஸுக்குப் பாடப் போகிறாள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சித்தி யாரிடமும் அதை மறுக்கவில்லை. என் கையை மட்டும் இறுக்கிக்கொண்டே வந்தாள். "வலிக்குது, விடு சித்தி" என்று சிணுங்கினேன்.