புளித்துப்போன பேச்சு

சங்கத்தின் செயலாளர் என்று அவளுக்கு ஒரு ரப்பர் முத்திரை செய்து கொடுத்திருந்தார்கள். ஏதோ பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். நாற்காலி இழுத்துப் போடுவது, பேனர் கட்ட ஏணி கேட்டு அலைவது, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத பெரிய மனிதருக்காக மேடையில் வருத்தம் தெரிவிப்பது, எல்லோரும் கிளம்பிய பிறகு தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்குவது, இவ்வளவுதான் அந்தப் பதவி. பத்துப் பேர் சேர்ந்து தொடங்கிய சங்கம். மற்ற ஒன்பது பேரும் நல்லவர்கள்தான். ஆனால் நிகழ்ச்சி நெருங்கினால் ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும், இன்னொருவர் வீட்டுக்கு விருந்தாளி வந்துவிடுவார்.

மற்ற நாட்களில் அவள் தையல்காரி. மாடிப்படிக்குக் கீழே, செல்போன் பழுது பார்க்கும் கடைக்கும் பல் டாக்டர் அறைக்கும் நடுவில், ஒரு மெஷினும் அதற்குப் பின்னால் அவளும் மட்டுமே கொள்ளும் இடம். புதுத் துணி தைப்பதில்லை. பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பெருத்துப்போனவர்களுக்கு இடுப்பைத் தளர்த்திக் கொடுப்பது, இவைதான் அவள் வேலை. துணி துவைத்துச் சுருங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் அவள் வாதம் செய்வதில்லை. "ஆமா, சுருங்கித்தான் இருக்கு" என்று வாங்கி வைத்துக்கொள்வாள்.

இந்த வேலையும் சங்கமும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன. மகள் பிறந்து சில மாதங்களில் குழந்தையின் தலை மட்டும் உடம்புக்கு ஒட்டாமல் வளரத் தொடங்கியது. "தலை பெருசா இருந்தா அறிவு ஜாஸ்தின்னு அர்த்தம், போய் வேலையப் பாரு" என்றாள் நாத்தனார். அந்த ஆறுதலை நம்பி வீட்டில் சும்மா இருந்துவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் முதலில் கேட்டது, ஏன் இவ்வளவு தாமதம் என்றுதான். மூளையில் ஊறும் நீர் வடிய வழியில்லாமல் தேங்கிக்கிடக்கிறது என்று விளக்கினார். தலையிலிருந்து காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியிலேயே மெல்லிய குழாய் ஒன்றை இறக்கி வயிற்றில் விட்டார்கள். நீர் வடிந்தது. ஆனால் குழாய் என்றால் குழாய்தான்; எந்த வயதிலும், எந்த நாளிலும் அடைத்துக்கொள்ளலாம். அன்று தொலைந்த தூக்கம் அவளுக்கு முழுசாகத் திரும்பி வரவேயில்லை.

கடையில் வாங்கிய கவுன் எதுவும் குழந்தையின் தலை வழியாக இறங்கவில்லை. ஒருநாள் அழுதுகொண்டே கத்தரிக்கோலை எடுத்துத் தோள் தையலைப் பிரித்தாள், அந்த இடத்தில் இரண்டு பட்டன் வைத்தாள். கவுன் சுலபமாக இறங்கியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைப் பார்த்த இன்னொரு தாய், "இது எங்க கெடைக்குது?" என்று கேட்டாள். அவளுக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தாள். அவள் சொல்லி இன்னும் சிலர் வந்தார்கள். தோளில் பட்டன் வைக்க வந்து கூடியவர்கள்தான் பிறகு சங்கம் ஆனார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை நடைப்பயணம் நடத்துவார்கள். பூங்கா வாசலிலிருந்து பள்ளி மைதானம் வரைக்கும் பேனர் பிடித்து நடப்பது, வழியில் உண்டியல் குலுக்குவது, சேர்ந்ததைக் குழாய் வைக்க வழியில்லாத குடும்பங்களுக்குக் கொடுப்பது. மைதானத்தில் அவள் பேசுவாள். வருடா வருடம் அதே பேச்சு. கேட்பவர்கள் செல்போனைத் தடவுவார்கள். மேடை ஓரத்தில் மைக்செட்காரர் தன் பெட்டிகளுக்கு நடுவே கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். கல்யாணம், கட்சிக் கூட்டம், கடை திறப்பு என்று எல்லாவற்றுக்கும் ஒரே முகம் அவருக்கு. அந்த முகத்தைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். செவிடன் காதில் சங்கு ஊதுகிறோம், அதுவும் அவனுடைய மைக்கிலேயே ஊதுகிறோம் என்று வீட்டுக்கு வந்து சொல்வாள்.

இந்த வருடம் அவள் ரொம்பவே களைத்திருந்தாள். நடைப்பயணத்துக்கு அச்சடித்து வந்த டி-ஷர்ட்டுகளின் கழுத்து வழக்கம்போலச் சின்னது. யாருக்காக நடக்கிறார்களோ அந்தப் பிள்ளைகளின் தலை மட்டும் நுழையாத டி-ஷர்ட்! ஒவ்வொரு வருடமும் சொல்லி அனுப்புகிறாள். ஒவ்வொரு வருடமும் அச்சகத்தார் மறந்துவிடுகிறார். உட்கார்ந்து ஒவ்வொரு தோளாகப் பிரித்துப் பட்டன் வைத்தாள். விரலெல்லாம் வலித்தது.

"இதான் கடைசி. அடுத்த வருஷம் யாராவது பாத்துக்கட்டும்" என்றாள் புருஷனிடம். அவன் லாரி ஓட்டுகிறவன், வீட்டில் தங்குவதே அபூர்வம்.

"போன வருஷமும் இதத்தான சொன்ன" என்று சொல்லிவிட்டு அவன் லோடு ஏற்றப் போய்விட்டான்.

மகளுக்கு இப்போது பதினோரு வயது. வாய் ஓயாது. அம்மாவின் பேச்சு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். முந்தானையைச் சரிசெய்வதுபோல் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "எல்லாருக்கும் வணக்கம்..." என்று தொடங்கி, அம்மா விடுகிற அதே பெருமூச்சையும் விட்டுக்காட்டுவாள். வீடே சிரிக்கும். அம்மாவும் சிரிப்பாள், கொஞ்சம் கோபத்தோடு.

நடைப்பயணத்துக்கு முதல் நாள் மகள் தலை வலிக்கிறது என்றாள். தாய் உடனே ஆஸ்பத்திரி ஃபைலைக் கையில் எடுத்தாள். ஆனால் எத்தனை முறை இப்படி ஓடியிருக்கிறாள்! ஒவ்வொரு முறையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசித் தடவை டாக்டர், "எல்லாத் தலைவலியும் குழாய்த் தலைவலி இல்லம்மா" என்று சிரித்தார். புலி வருது கதையாகிவிட்டது என்று புருஷனும் கேலி செய்தான். இந்த முறை பதறக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாத்திரையைக் கொடுத்தாள். காலையில் மைதானத்துக்கு வேனில் போகும்போது மகள் வாந்தி எடுத்தாள். அவளுக்கு எப்போதுமே வேன் ஒத்துக்கொள்ளாது. மைதானத்தில் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்ததும் அப்படியே தூங்கிப்போனாள். விடிவதற்கு முன்பே எழுப்பிவிட்டோமே, பாவம், தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டு அவள் மேடை ஏறினாள்.

அவள் வாயைத் திறந்ததும் மைக் கீயென்று கத்தியது. கூட்டம் மொத்தமும் காதைப் பொத்திக்கொண்டது. மைக்செட்காரர் கண்ணைத் திறந்து எதையோ திருகினார், கத்தல் நின்றது. அவரை ஒரு முறை முறைத்துவிட்டு அவள் ஆரம்பித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பிள்ளைங்களுக்குத் தலையில ஒரு குழாய் வச்சிருக்கு. அது அடைச்சுக்கிட்டா மொதல்ல தலைவலி வரும். அப்புறம் வாந்தி வரும். அப்புறம்..."

மைக் செத்துப்போனது. தட்டிப் பார்த்தாள், உயிர் வரவில்லை. மைக்செட்காரர் மேடைமீது ஏறி வந்துகொண்டிருந்தார். அவளுக்கு ரத்தம் கொதித்தது.

"என்ன தம்பி இது? வருஷத்துல ஒரே ஒரு நாள், அதுலயும் இப்படியா?"

"நான்தான் அமத்தினேன்க்கா. பேசினது போதும், கீழ வாங்க. பாப்பாவப் பாருங்க."

"அவ தூங்கறா."

"மைக் கத்தினப்ப அத்தன பேரும் காதப் பொத்தினாங்க. பாப்பா அசையவே இல்லக்கா. காலையில வேன்லேருந்து எறங்கறப்ப வாந்தி எடுத்த வாயத் தொடச்சிக்கிட்டிருந்துச்சு, பாத்தேன். தலவலி இருந்துச்சா?"

அவள் படியைக் கூடப் பார்க்காமல் மேடையிலிருந்து குதித்தாள். மகளை உலுக்கினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், கன்னத்தைத் தட்டினாள். மகள் கண்ணைப் பாதி திறந்து மறுபடி மூடிக்கொண்டாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அதற்குள் மைக்செட்காரர் தன் வேனிலிருந்த ஸ்பீக்கர் பெட்டிகளை மைதானத்தில் இறக்கிப் போட்டுவிட்டார். குழந்தையைத் தூக்கி உள்ளே படுக்கவைத்ததும் அவரேதான். வழியெல்லாம் ஹாரனில் கை வைத்தபடி ஓட்டினார். இந்தப் பக்கம் சங்கத் தலைவர் மைக் இல்லாமலேயே நன்றியுரை ஆற்றி முடித்ததாகப் பிறகு சொன்னார்கள். எப்பேர்ப்பட்ட நாளிலும் நன்றியுரையை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவர்.

ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. ஸ்கேன் பார்த்தார்கள், குழாய் அடைத்திருந்தது, நேராக ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோனார்கள். வெளியே வராந்தா பெஞ்சில் அவள் ஒரு முனையிலும் மைக்செட்காரர் மறுமுனையிலும் உட்கார்ந்திருந்தார்கள். புருஷன் லோடு லாரியைப் பாதி வழியில் திருப்பி வந்துகொண்டிருந்தான். அவளுக்கு அழுகை வரவில்லை. தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், பெற்ற பிள்ளையின் முகத்தில் அதைப் பார்க்கவில்லை. தலைவலிக்கு ஒரு சாக்கு, வாந்திக்கு ஒரு சாக்கு, தூக்கத்துக்கு ஒரு சாக்கு.

"நீங்க தூங்கிட்டுத்தான இருப்பீங்க" என்றாள் கடைசியில். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கண்ண மூடினா தூக்கமாக்கா? சத்தம் சரியா வருதான்னு கண்ண மூடித்தான் கேக்கணும்." அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "ஆரம்பத்துலேருந்து நாந்தான் உங்களுக்கு மைக் கட்டறேன். தலவலி, வாந்தி, எழுப்பினா எழுந்திரிக்காத தூக்கம், அப்பறம் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீங்கன்னு சொல்லுவீங்க. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. நீங்க பேசுறதோட சரி. ஒரு நாளும் ஒக்காந்து கேட்டதில்ல."

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் ஆழமாக இறங்கியது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

டாக்டர் வெளியே வந்து குழாயை மாற்றிவிட்டதாகச் சொன்னார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வாக்கியத்தை முடிக்காமல் போய்விட்டார்.

மறுநாள் வார்டில் மகள் கண் விழித்தாள். தலையில் கட்டு, காதோரம் முடியை மழித்திருந்தார்கள். நர்ஸ் குனிந்து, "எதாவது பேசு கண்ணு, பாக்கலாம்" என்றாள். மகள் அம்மாவைப் பார்த்தாள். உதடு காய்ந்திருந்தது. குரல் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். பெருமூச்சையும் விட்டாள்.

லாரி அழுக்கோடு நின்றிருந்த அப்பா சிரித்துக்கொண்டே அழுதான். தாய் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்காக நாற்காலி இழுத்துப் போட்டவள், அன்றுதான் தனக்கென்று ஒன்றை இழுத்துப் போட்டாள்.

"மிச்சத்தையும் சொல்லு" என்றாள்.

"உனக்குத்தான் தெரியுமேம்மா."

"தெரியல. நீ சொல்லு."

மகள் மெல்ல மெல்லச் சொன்னாள். தலைவலி, வாந்தி, எழுப்பினால் எழுந்திருக்காத தூக்கம். தாய் மகளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், கடைசிவரைக்கும் கேட்டாள்.