ஹிண்டாவும் தலையணை ரொட்டியும்

ஹிண்டாவை யாருக்கும் பிடிக்காது. எனக்குச் சுத்தமாப் பிடிக்காது. போலந்துல சமோஷ்ச் ஊர்ல கோழிக்கடை வெச்சிருந்தவ. புருஷனையும் மூணு பிள்ளைங்களையும் நாஜி முகாம்ல பறிகொடுத்துட்டு, போர் முடிஞ்சதும் ஜெர்மனியில பவேரியாவுல, முகாம்ல இருந்து தப்பிச்ச யூத அநாதைப் பிள்ளைங்க இருந்த எங்க இல்லத்துக்குச் சமையல்காரியா வந்தா. வந்த வேகத்துல வீட்டையே ஆள ஆரம்பிச்சுட்டா. ஓடிப்போன நாஜி ஒருத்தனோட மாளிகை அது. நான் அங்க துணி வெளுக்கிறவ.

அவளுக்கு வாயா அது? கஞ்சி வேணாம்னு சொன்ன பிள்ளையைக் காதைப் பிடிச்சுத் திருகி, "வேணாமா? வேணாம்னு சொல்ற அளவுக்கு வயிறு நிறைஞ்சு போச்சா உனக்கு?"ன்னு கேப்பா. பிள்ளைங்களும் லேசுப்பட்டதுங்க இல்ல. அவ முதுகுக்குப் பின்னாடி 'கிழவி', முகத்துக்கு நேராவும் 'கிழவி'. சிவியான்னு ஒரு பொண்ணு, பதினொரு வயசு இருக்கும், அதுதான் கூட்டத்துக்குத் தலைவி. யார்கிட்டயும் சிரிக்காது.

அதுங்க எல்லாம் ரொட்டியைத் திருடித் தலையணை உறைக்குள்ள ஒளிச்சு வைக்குங்க. பூசணம் பூத்து, கல்லாக் காஞ்சு கிடக்கும். உறையைத் துவைக்க எடுக்கும்போது துண்டுகளைக் கொட்டி வெச்சுட்டு, காஞ்சதும் திரும்ப உள்ளயே போட்டுக் கொடுத்துடுவேன். நாளைக்குச் சோறு வரும்னு அதுங்களுக்கு யார் சத்தியம் பண்ணுவா?

பஸ்கா வந்துச்சு. போருக்கு அப்புறம் எங்க வீட்டுல முதல் பஸ்கா. பண்டிகை முடியிற வரைக்கும் புளிச்ச மாவுல செஞ்சது ஒரு பொருக்கு கூட யூத வீட்டுல இருக்கக் கூடாது, எரிக்கணும். ஹிண்டா முற்றத்துல விறகு அடுக்கிட்டு மாடிக்கு ஏறினா, தலையணைகளைக் காலி பண்ண. சிவியா கட்டில் மேல நின்னு அவ முகத்துல துப்பிச்சு. மத்ததுங்க செருப்பை வீசுச்சுங்க. நெத்தியில ரத்தத்தோட இறங்கி வந்தவ, மத்தியானத்துக்குள்ள எரிச்சே ஆகணும்னா. பிடிச்ச முயலுக்கு மூணே கால்.

எனக்கு வயிறு எரிஞ்சுது. எரிக்கிறதுக்குப் பதிலா வேற வழியும் இருக்கே! யூதர் இல்லாத ஒருத்தனுக்கு வித்துடலாம். ரொட்டி இருக்கிற இடத்திலேயே பூட்டிக் கிடக்கும், சாவி மட்டும் அவன்கிட்ட. பண்டிகை முடிஞ்சதும் திரும்ப வாங்கிக்கலாம். எங்க அப்பா வருஷா வருஷம் பக்கத்து வீட்டு விவசாயிக்கு அப்படித்தான் விப்பாரு. அமெரிக்க ராணுவத்துல இருந்த எங்க மதகுரு, ரபியைக் கேட்டேன், தாராளமா செய்யலாம்னாரு. ஹிண்டா மட்டும், "வாங்க இங்க எவன் இருக்கான்?"னு கேட்டா. தோட்டக்காரன் ஒபர்மையர் இருந்தான், ஜெர்மன்காரன். ரொட்டியை வாங்கிக்கிறதுக்கு நாங்கதான் அவனுக்கு ஒரு பாக்கெட் அமெரிக்க சிகரெட் கொடுக்கணும்னான், பாவி. கொடுத்தேன்.

ஜெயிச்சுட்டோம்னு மாடிக்கு ஓடிப் பிள்ளைங்ககிட்ட சொன்னேன். சிவியா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு, சாவி யார்கிட்ட இருக்கும்னு. ஒபர்மையர்கிட்டன்னேன்.

"பூட்டுக்கு உள்ள நம்ம ரொட்டி, சாவி ஜெர்மன்காரன் கையில. முகாம்லயும் அப்படித்தான் இருந்துச்சு. அதுக்கு எரிச்சுடலாம்"னுச்சு சிவியா.

என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அதுங்க வரிசையா, ஆளுக்கொரு உறையைத் தூக்கிட்டு முற்றத்துக்கு இறங்குச்சுங்க. சிவியாதான் முன்னாடி. நெருப்புகிட்ட போய் நின்னுச்சு. கையை நீட்டிச்சு. விரல் மட்டும் விரியல.

ஹிண்டா பக்கத்துல நின்னு பாத்துட்டே இருந்தா. அவ கேட்டது நடக்குது, சந்தோஷப்பட வேண்டியதுதானே? முகாம்ல கூட பஸ்கா அன்னைக்கு ரொட்டியைத் தொடாதவளாம், கூட இருந்தவங்க சொல்லிக் கேட்டிருக்கேன். அப்படிப்பட்டவ, தண்ணி வாளியைத் தூக்கி நெருப்பு மேல கவுத்துட்டா. புகையில எங்க எல்லாருக்கும் இருமல்.

"எடுத்துட்டுப் போய் படுக்கையிலயே வைங்க. விக்கவும் வேணாம், எரிக்கவும் வேணாம்."

"பாவம் ஆச்சே, ஹிண்டா"ன்னேன். உண்மையிலேயே பதறிப் போய்த்தான் சொன்னேன்.

"என் தலையில இருக்கட்டும். மேல இருக்கிறவன் இந்த ரொட்டிக்குக் கணக்கு கேட்டா நான் சொல்லிக்கறேன். முதல்ல என் மூணு பிள்ளைங்களுக்கு அவன் சொல்லட்டும்"னா. அப்புறம் என்னைப் பாத்து, "என்ன வேடிக்கை? துணி மலையாக் கிடக்கு, போடீ"ன்னா.

ஒரு பிள்ளையும் நன்றின்னு சொல்லல. சிவியா உறையை மார்போட கட்டிக்கிட்டு, "கிழவி"ன்னுட்டு மாடி ஏறிடுச்சு.

அன்னைக்குப் பண்டிகை விருந்துக்கு ஹிண்டா எல்லாம் சமைச்சு மேஜையில வெச்சா. ஆனா உட்காரல. தெரிஞ்சே ரொட்டியை வீட்டுல வெச்சிருக்கிறவளுக்கு அந்த மேஜையில என்ன இடம்னு சமையலறை வாசப்படியிலயே குந்திட்டா. ரபி கூப்பிட்டாரு, வரல. நான் கூப்பிடல. நாங்க பாட்டுக்கு, எங்க முன்னோர் எகிப்துல அடிமையாப் பட்ட பாட்டைப் பஸ்கா வழக்கப்படி படிச்சுட்டு இருந்தோம்.

நடுவுல சிவியா எழுந்துச்சு. தன் தட்டுல இருந்த புளிப்பில்லாத அப்பத்தை எடுத்துட்டுப் போய், நாய்க்கு வைக்கிற மாதிரி ஹிண்டா காலடியில டக்குனு வெச்சுட்டு, அவ முகத்தைக் கூடப் பாக்காம திரும்பி வந்து உட்கார்ந்துச்சு.

ஹிண்டா குனிஞ்சு எடுத்துத் தின்னா.