கருப்பி என்று கூப்பிடலாமா

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை யாரிடமும் வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

என் மகளுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. எங்கள் குப்பத்தில் அப்படி ஆனால், அடுத்த பிள்ளையை அழகான பெயரால் கூப்பிட மாட்டோம், கண் பட்டுவிடும். அதனால் இவள் கருப்பி. நல்ல பெயர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்.

இப்போது மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், அங்கேயே தங்கியிருக்கிறாள். போன மாதம் ஏரியில் நல்ல நண்டு கிடைத்தது. குழம்பு வைத்துத் தூக்குவாளியில் எடுத்துப் போனேன். கம்பெனி வாசலில் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். என்னைப் பார்க்காமல் போய்விடுவாளோ என்று, “ஏ கருப்பி!” என்று கத்திவிட்டேன்.

ஒருத்தி சிரித்தாள். “பொருத்தமாத்தான்டி பேரு வெச்சிருக்காரு உங்கப்பா.”

இன்னொருத்தி, “ஆப்பிரிக்காலேர்ந்து வந்துக்கிறாரா?” என்றாள்.

மகள் தூக்கை வாங்கிக்கொண்டாள். “இனிமே அப்படிக் கூப்டாத நைனா. கூப்டறதா இருந்தா இங்க வராத.”

என்னோடு வலை இழுக்கிறவனையும் கருப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். மறுநாள் படகில் கேட்டேன். “கருப்பானு கூப்டா உனக்குக் கோவம் வருமாடா?”

“இன்னாடா ஆச்சு உனக்கு, காலங்காத்தால? நீ கூப்டா ஒண்ணும் தெரியல. பொண்ணு பாக்கப் போன வீட்ல சொன்னாங்க பாரு, அப்போ ஏரில குதிச்சிடலாம்னு இருந்துச்சு.”

“ரெண்டும் ஒரே வார்த்தைதானே?”

“ஒரே வார்த்தைதான். வலையப் புடி.”

எனக்கு விளங்கவில்லை. என் மனைவி ஒரு சாயல் வெளுப்பு. வெள்ளச்சி என்றால் சிரிக்கிறாள். ஆப்பிரிக்காக்காரர்களை டிவியில்தான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பெயர் எப்படித் திட்டானது? கண் படாமலிருக்க அழகில்லாத பெயரைத் தேடியபோது, எங்கள் வாயில் ஏன் கருப்பி என்று வந்தது? இதை நினைத்தால்தான் தலை சுற்றுகிறது. நான் ஆசையாகத்தான் கூப்பிட்டேன்.

நேற்று போன் செய்தாள். பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொல்லப் பார்த்தேன்; வேறு வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவது போல இருந்தது.

“இன்னா நைனா, பேச மாட்டேன்ற?”

“ஒண்ணுமில்லமா. சாப்ட்டியா?”

“சாப்ட்டேன். தீபாவளிக்கு வரேன்.”

வாசலில் வந்து நிற்கும்போது என்னவென்று கூப்பிடுவேன்? இன்று படகைக் கட்டிவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லாதபோது அந்தப் பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இன்னும் சரியாக வரவில்லை.

ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை.