பக்கம் புரட்டியதில் விடுபட்ட மல்லிகை

தீபாவளிக்கு முந்தைய நாள் பிற்பகலில், லிட்டில் இந்தியா பூ வியாபாரி ஒருவர் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இருந்த எங்கள் சரக்கு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். காலையில் விமானத்திலிருந்து இறங்கிய அவருடைய மல்லிகை, எடுத்துச்செல்ல அனுமதி தரும் 'ரிலீஸ்' ஆகாமல் குளிரறைக்கு வெளியே கிடந்து கறுத்துப்போயிருந்தது.

"தங்கச்சி, இதத் தலையில வைக்கிறதா, குப்பையில வைக்கிறதா? நீயே சொல்லு!"

அவர் கேட்டது வசந்தியிடம். வசந்தி ஒப்பந்த ஊழியர். காத்திருக்கும் சரக்குகளின் பட்டியலைத் திரையில் பார்த்து, ஒவ்வொன்றாக ரிலீஸ் செய்வது அவர் வேலை. வியாபாரி போனதும் என்னிடம், "ஒரு பக்கம்கூட நான் விடலண்ணே," என்றார்.

உண்மைதான். விட்டது, நான் பராமரிக்கும் ப்ரோகிராம். பக்கத்துக்கு ஐம்பது வரிகள். 'நெக்ஸ்ட்' அழுத்தினால் அது டேட்டாபேஸிடம், 'முதல் ஐம்பதைத் தள்ளிவிட்டு அடுத்த ஐம்பதைக் கொடு' என்று கேட்கும். ஆனால் முதல் பக்கத்தை ரிலீஸ் செய்ததுமே அந்த ஐம்பதும் பட்டியலிலிருந்து போய்விடும். இரண்டாம் பக்கத்தில் இருந்தவை முதல் பக்கத்துக்கு ஏறிவிடும். இப்போது தள்ளிவிடப்படுவது அவைதான். மல்லிகை அதில் இருந்தது. கடைசிப் பக்கம் வரை போன பிறகே முதல் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அலுவலக விதி. வசந்தி விதியை மீறாதவர், அதனால் மாட்டிக்கொண்டார்.

இதை மேலாளர் குமரனிடம் முன்பே சொல்லியிருந்தேன். தள்ளிவிடும் வரிகளையும் டேட்டாபேஸ் படித்தாக வேண்டும். பின் பக்கங்கள் திறக்க நெடுநேரம் ஆனதும் அதனால்தான். கடைசியாகக் காட்டிய வரியின் எண்ணைக் கொடுத்து, 'இதற்குப் பிறகு ஐம்பது' என்று கேட்டால், இன்டெக்ஸ் என்ற வரிசை அட்டவணை நேராக அங்கே போய் நிற்கும். எதுவும் விடுபடாது. ஒரே குறை, பக்க எண்களைக் காட்ட முடியாது.

"பேஜ் நம்பர் இல்லாம எப்படி லா? எத்தனை பேஜ் முடிஞ்சதுன்னு பெரிய பாஸ் பார்ப்பாரு, சார்," என்று அன்று முடித்துக்கொண்டார் குமரன்.

பண்டிகை முடிந்து நடந்த கூட்டத்தில், சோதனைப் பட்டியலை வைத்துப் பிழையைச் செய்தே காட்டினேன்.

"குட் கேட்ச் சார். உடனே மாத்திடுங்க," என்றார் குமரன்.

"அப்போ வசந்தி?"

"அது வேற மேட்டர். 'ஊழியர் கவனக்குறைவு'ன்னு கஸ்டமருக்கு ரிப்போர்ட் போயிடுச்சு. இப்போ சிஸ்டம் தப்புன்னு சொன்னா மத்த கஸ்டமருங்க சும்மா இருப்பாங்களா?"

வசந்தியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

மாற்றிய திரையை, அதைப் பயன்படுத்தும் ஊழியரே சோதித்துக் கையொப்பமிட வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. தன் கடைசி வாரத்தில் வசந்திதான் சோதித்தார். "வேகமா இருக்குண்ணே. ஒண்ணும் விடுபடல," என்று சொல்லிக் கையொப்பமிட்டார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இரண்டு விஷயங்கள். நகரும் பட்டியலில் எண்ணித் தாண்டாதீர்கள். கடைசியாகப் பார்த்த வரியைப் பிடித்துக்கொண்டு போங்கள். பிழை தெரிந்தால், ரிப்போர்ட் போவதற்கு முன் கத்துங்கள். போன பிறகு அவர்கள் திருத்துவது ப்ரோகிராமை மட்டும்தான்.