கொன்ஸ்ரன்ஸும் அரை மணித்தியாலமும்

2006 மே மாதம். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வருவதற்குள் கொன்ஸ்ரன்ஸ் சோதனைச் சாவடிகளில் இரண்டு தடவை அடையாள அட்டையை நீட்டியாக வேண்டும். அதைவிடப் பெரிய தலையிடி அலுவலகத்தில் இருந்தது.

இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றுக்குப் பைதன் மொழியில் கணினி நிரல் எழுதிக்கொண்டிருந்தார்கள். வேகம் வேண்டிய பகுதி மட்டும் சி மொழியில். அது அவள் பொறுப்பு. அதைக் கணினி ஓட்டக்கூடிய வடிவில் தொகுத்துப் பைதனோடு சேர்க்க அலுவலகமே ஒரு மென்கருவி செய்து, தனிக் கணினியொன்றில் வைத்திருந்தது. அவள் பிழையைத் திருத்துவாள், கருவியை ஓட்டுவாள், பழைய விடையே வரும்.

"திருத்தினனான் சேர்."

"திருத்தினா ஏன் பிள்ளை பழசு வருது?" என்றார் முதலாளி ஸ்ரீஸ்கந்தராசா. "நாளைக்குப் பின்னேரம் பரிசோதனை நிலையத்து ஆக்கள் பாக்க வருகினம். சரிவராட்டி நான் வேற ஆளைத்தான் தேடவேணும்."

பக்கத்து மேசை ஒஸ்வால்ட் சிரித்தான். "நீ சாப்பிட்டிட்டு வந்தா மட்டும் அது வேலை செய்யுது. இன்னொரு சோத்துப் பார்சல் எடுப்பமோ?"

பகிடிதான், ஆனால் உண்மை. இடைவேளைக்குப் பிறகு செய்யும் முதல் திருத்தம் ஏறும், அடுத்தடுத்தவை ஏறாது.

மறுநாள் காலை ஒன்பது பத்துக்குச் சேமித்த கோப்பைத் தொகுக்கும் கணினிக்கு அனுப்பிவிட்டு, அங்கே போய்ப் பார்த்தாள். கோப்பைச் சேமித்த நேரம் எட்டு நாற்பது என்று இருந்தது. கொன்ஸ்ரன்ஸ் வாய்விட்டுச் சிரித்தாள்.

சித்திரை வருடப்பிறப்போடு நாடே நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்கு வைத்தது. ஒஸ்வால்ட் தொகுக்கும் கணினியில் நேர வலயத்தை முறையாக மாற்றினான். அவளோ வலயத்தைத் தொடாமல், சுவர் மணிக்கூட்டைத் திருப்புவதுபோலத் தன் கணினியின் மணியைக் கையால் தள்ளிவிட்டிருந்தாள். திரையில் இரண்டும் ஒரே மணி; உள்ளே அரை மணித்தியாலம் இடித்தது. கருவி நேரத்தைப் பார்த்துத்தான் எது புதிது என்று தீர்மானிக்கும். அவளுடைய புதிய கோப்பைப் பழசென்று ஒதுக்கிவிட்டது. முன்பு தொகுத்து அரை மணித்தியாலம் கடந்திருந்தால் மட்டும், சாப்பிட்டு வந்த பிறகுபோல, புதிதென்று ஏற்றது.

"அப்ப உன்ர மணியைச் சரியாக்கு, முடிஞ்சுது."

"மாட்டன் ஒஸ்வால்ட். கொழும்பில பாதிப்பேர் என்னைப்போலத்தான் திருப்பியிருப்பினம். கருவியைத்தான் திருத்தவேணும்."

நேரம் பார்க்கும் வரிகளை அழித்தாள். கோப்பின் உள்ளடக்கத்தையே ஒப்பிட்டு, ஓர் எழுத்து மாறினாலும் தொகுக்கும்படி எழுதினாள். பத்து நிமிடத்தில் ஐந்து திருத்தம் செய்து பார்த்தாள். ஐந்தும் ஏறின.

பின்னேரம் பரிசோதனை நிலைய டொக்டர் ருக்கியா திரையைப் பார்த்துவிட்டு, "சின்னப் பிள்ளைகளுக்கு இரத்தத்தில இருக்கவேண்டிய அளவு வேற. அத எப்ப மாத்தித் தருவீங்க?" என்றார்.

"இப்பவே."

இரண்டு வரி மாற்றினாள், கருவியை ஓட்டினாள். புதிய அளவுகள் வந்து நின்றன.

"அல்லாவே, இவ்வளவு சுருக்காவா!"

ஸ்ரீஸ்கந்தராசா எழுந்து தன் கதிரையை அவள் பக்கம் தள்ளினார். "இரு பிள்ளை. மிச்சத்தையும் நீயே டொக்டருக்கு விளங்கப்படுத்து."