முனியின் காலடியில் அடைபட்ட மதகு

போன ஐப்பசி மழையில் என் மகள் செல்வி வந்த பஸ் பள்ளத்தில் சரிந்தது. நோர்வூட்டுக்குப் போகும் ரோட்டில், எங்கள் தோட்டத்துக்குக் கீழே உள்ள முனி வளைவில். ஒரு மரம் தடுத்ததால் பஸ் நின்றது. யாரும் சாகவில்லை. செல்விக்குத் தொடை எலும்பு முறிந்தது. தலையிலும் அடி. இரண்டு நாள் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். எனக்கு அழ வராது. முனியாண்டி சாமியை மட்டும் கூப்பிட்டேன். என் பிள்ளையைக் கொடு, வேறு ஒன்றும் கேட்கவில்லை என்றேன். மூன்றாம் நாள் காலை கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

சாமி கொடுத்தது. அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். சாமி பொறுக்கும்.

டிரைவர் வேகமாக வந்தான் என்று பொலிஸில் எழுதி வழக்குப் போட்டார்கள். அந்தப் பையன் கையில் கட்டோடு செல்வியைப் பார்க்க வந்தான்.

"அண்ணே, சத்தியமா மெதுவாத்தான் வந்தேன். பிரேக்க மிதிச்சேன். சவுக்காரத்துல வழுக்குற மாதிரி போயிருச்சு."

அந்த வளைவைப் போய்ப் பார்த்தேன். நான் தோட்டத்தில் கான் வெட்டுகிறவன். தேயிலைக்குள் மழைத் தண்ணீர் போக வழி வெட்டுவதுதான் என் வேலை. தண்ணீரின் புத்தி எனக்குத் தெரியும்.

மலைத் தண்ணீர் ரோட்டோரக் கானில் இறங்க வேண்டும். அங்கிருந்து ரோட்டுக்கு அடியில் இருக்கும் மதகு வழியாகப் பள்ளத்துக்குப் போக வேண்டும். அந்த வளைவில் மதகின் வாய் அடைத்துக் கிடந்தது. தண்ணீர் சேற்றோடு தார் மேலே ஓடியது. ரோடு வளைவில் மலைப் பக்கம் சாய்ந்திருந்தால் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இது பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தது. ஓரத்தில் ஒரு கல் கூட இல்லை. இப்படி ரோடு போட்டவனுக்கும் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள்.

மதகின் வாய் ஏன் அடைத்தது? அதன் மேல்தான் எங்கள் முனி இருந்தார். பல வருசத்துக்கு முன் அங்கே ஒரு லொறி விழுந்தது. இனி யாரும் விழக்கூடாது என்று சூலம் நட்டோம். பிறகு மேடை கட்டினோம். போகிற வண்டியெல்லாம் நிறுத்தித் தேங்காய் உடைக்கும். மதகுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். தோள் வரைக்கும் சிரட்டை, மாலை நார், வாழை இலை.

அந்த மேடைக்குச் சீமெந்து குழைத்தவர்களில் நானும் ஒருவன். தண்ணீர் தெரிந்தவன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

ரோட்டு வேலையைப் பார்க்கும் ஓவசியரிடம் போனேன். சொன்னேன்.

"நீ இன்ஜினியரா?"

"இல்லைங்க. கான் வெட்டுறவன்."

"அப்ப தேயிலைக்குள்ள போய் வெட்டு. கோயில்ல கை வச்சா ஒங்க ஆளுகளே என்னை அடிப்பாங்க."

விபத்துக்கு முன் புதுத் தார் போட்டபோதும் இதைச் சொல்லித்தான் மதகைத் தொடாமல் போயிருக்கிறார்கள். சாமி பேரைச் சொல்லி வேலையை மிச்சம் பிடித்தார்கள்.

பூசாரி ஆறுமுகத்திடம் போனேன். மேடையைத் தள்ளிக் கட்டலாம் என்றேன்.

"மழத்தண்ணி மண்டையில ஏறிருச்சா மாணிக்கம்? ஒம் மகளக் காப்பாத்துன சாமிய, எடத்த விட்டுக் கெளப்புறியா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். இன்னொரு சூலம் நடலாம் என்று ஒருவர் சொன்னார்.

செல்வி ஊன்றுகோலில் நடக்கத் தொடங்கினாள். ஹட்டனில் மருந்துக்கடை வேலை. தை மாதம் திரும்ப வரச் சொன்னார்கள். என் சம்சாரம் கேட்டாள்.

"அவ அதே ரோட்டுலதானே போகணும்? வேற ரோடு போட்டு வச்சிருக்கானுகளா நமக்கு?"

மறுநாள் வேலைக்குப் போகும் முன் முனி முன்னால் நின்றேன். "ஒன்ன நகத்துனா குத்தமா? நகத்தாம வுட்டா குத்தமா? நீயே சொல்லு சாமி" என்றேன். அப்போதுதான் மனதில் பட்டது. சாமியிடம் பூப்போட்டுக் கேட்கலாம். அதை எந்தப் பூசாரியும் மறுக்க முடியாது.

வெள்ளிக்கிழமை எல்லாரும் கூடினார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சம்மதம். செல்வியை எடுக்கச் சொன்னேன். ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து எடுத்தாள்.

வெள்ளை.

"இன்னொருக்கா எடு தாயி" என்றார் பூசாரி.

மறுபடியும் வெள்ளை.

பூசாரி துண்டை இடுப்பில் கட்டினார். "என்னய்யா பாக்குற? மம்பட்டிய எடு."

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். சூலத்தைப் பூசாரியே தூக்கிக்கொண்டு போய் மேட்டில் நட்டார். பழைய மேடையை உடைத்தோம். சிரட்டையைச் சாக்குச் சாக்காக அள்ளினோம். வாய் திறந்ததும் தேங்கிய தண்ணீர் பெருமூச்சு விட்ட மாதிரி உள்ளே போனது.

ஓவசியருக்கு இனிச் சொல்லச் சாக்கு இல்லை. ஆறு தடவை போனேன். ஓரத்தில் சுவர் கட்டினார்கள். சாய்வை இன்னும் திருத்தவில்லை. டிரைவர் மேல் வழக்கு நடக்கிறது. மதகைப் பார்த்தும் தார் போட்டவன் மேல் வழக்கு இல்லை. அவன் நன்றாக இருக்கிறான்.

செல்வி வேலைக்குப் போன முதல் வாரமே பெரிய மழை. வளைவில் நின்றேன். தண்ணீர் முழுக்க மதகில் போனது. தார் மேல் மழை மட்டும்தான். பஸ் வந்தது, மெதுவாகத் திரும்பியது, போனது. செல்வி கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடியிருந்தாள். நான் கை கூப்பினேன்.

முன்பு நான் பேசாத ஆள். இப்போது ரோட்டில் குழி பார்த்தால் கேட்கிறேன். திட்டு வாங்குகிறேன். பூசை முடிந்ததும் சிரட்டை பொறுக்குகிறேன். பூசாரியும் பொறுக்குகிறார்.

சாமியை நம்புங்கள். நான் கேட்ட இரண்டையும் கொடுத்தது. உங்கள் ஊர் வளைவிலும் சூலம் இருந்தால் நன்றாகக் கும்பிடுங்கள். கும்பிட்டுவிட்டு, குனிந்து அதன் காலடியைப் பாருங்கள். தண்ணீருக்கு வழி இல்லை என்றால் சாமியிடமே உத்தரவு கேளுங்கள். சாமி தரும். மற்றவர்களிடம்தான் ஆறு தடவை போக வேண்டியிருக்கும். போங்கள்.