மாக்கிறட்டின் வெள்ளி வள்ளம்

மன்னார்க் கரையிலுள்ள பேசாலையில் மாக்கிறட் வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி கிடைப்பது நிச்சயமில்லை. அலுமாரி பார்ப்பது நிச்சயம். கண்ணாடிக்குப் பின்னால் விரல்நகத்தளவு கதிரைகள், பித்தளை ஆட்டுக்கல், கடுகு கொள்ளாத குடம், ஒல்லாந்தர் காலத்தது என்று கொழும்புக் கடைக்காரன் சத்தியம் பண்ணிய வெள்ளித் தேநீர்க் கோப்பைகள். அந்தக் காலத்துச் சீமாட்டிகள் இப்படித்தான் வரவேற்பறையை அலங்கரித்தார்களாம். நம்முடைய சீமாட்டியின் வரவேற்பறையில் மனிதர் உட்காரும் கதிரை இரண்டுதான். அதில் ஒன்றுக்குக் கால் ஆடும்.

எல்லாவற்றிலும் உசத்தி, பெருவிரல் நீளத்தில் ஒரு வெள்ளி வள்ளம். அதைத் தொடப் புருசன் எமிலியானுசுக்கே அனுமதியில்லை. பாவம், அவன் மர வள்ளத்தில் போய்ப் பிடித்த மீனில்தான் இத்தனையும் வாங்கியது.

அறுபதுகளில் ஒரு கார்த்திகை மாதம், காற்று திடீரென்று மாறியது. கடலுக்குப் போன எமிலியானுஸ் விடிந்தும் வரவில்லை. மாக்கிறட் கரை மணலில் விழுந்து கத்தினாள்.

"அந்தோனியாரே, அவரைக் கொண்டுவந்து விடும்! என்ரை வெள்ளி வள்ளத்தை உமக்குத் தாறன்!"

ஊரே கேட்டது. பின்னேரம் பாய் கிழிந்த வள்ளத்தோடு ஆள் வந்து சேர்ந்தான்.

அடுத்த கிழமை மாக்கிறட்டுக்குப் புத்தி தெளிந்துவிட்டது. மன்னார்ப் பத்தரிடம் தகரத்தில் ஒரு வள்ளம் அடிப்பித்து, வெள்ளிப் பூச்சும் பூசுவித்தாள். அந்தோனியார் என்ன, கலைப்பொருள் சேர்ப்பவரா, வித்தியாசம் கண்டுபிடிக்க?

எமிலியானுஸ் வலையைத் தோளில் போட்டபடி வாசலில் நின்றான்.

"தகரத்தையோ குடுக்கப் போறாய்?"

"ரெண்டும் ஒரே அளவுதானே."

"ஓம். நான் திரும்பி வராட்டி என்னை மாதிரி ஒரு பொம்மை செய்விச்சு அலுமாரியிலை வை. அளவு சரியாயிருந்தால் காணும்."

சொல்லிவிட்டுக் கடலுக்குப் போய்விட்டான்.  பொழுதுபடுமுன் மாக்கிறட் அலுமாரியைத் திறந்தாள். வெள்ளி வள்ளம் அந்தோனியார் கோயிலில் காணிக்கைக் கண்ணாடிப் பெட்டிக்குள், மற்றவர்கள் கொடுத்த வெள்ளிக் கண்களுக்கும் கால்களுக்கும் நடுவே போய்ச் சேர்ந்தது.

அதன்பிறகு அவள் நாள் தவறாமல் கோயிலுக்குப் போனாள். அவள் பக்தியில் பங்குச் சுவாமிக்கு ஒரே பெருமை. எங்களுக்கல்லவா தெரியும்: பெட்டியைத் துடைத்துத் தன் வள்ளத்தைப் பார்த்து, மற்றவர்களின் காணிக்கைகளுக்கு முகம் சுளிக்கத்தான் அந்தப் பக்தி.

ஆனால் எமிலியானுஸ் கடலில் நின்ற நாட்களில் அவள் அந்தப் பெட்டிப் பக்கமே திரும்பவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவன் கரைக்கு வந்துவிட்டான் என்று யாராவது வந்து சொல்லும்வரை முழந்தாளில் இருந்தாள்.